கத்திக்கு முன் நிற்கும் காவல்

நோய் வந்தபின் மருந்துண்ண வேண்டும் என்பதை உலகம் அறியும். நோய் வருமுன்னே மருந்து கொள்ளும் இடமும் உண்டு என்பதைச் சிலர் அறிவர். அங்ஙனங் கொண்ட மருந்தை உரிய பொழுதில் நிறுத்திவிடுதலும் மருத்துவத்தின் ஒரு கூறே என்பதை அறிந்தாரோ மிகச் சிலர். இம்மூன்றாம் உண்மையை யான் முதற்கண் உணர்ந்தது, சென்னை நகரத்து அரசாங்க மருத்துவமனை ஒன்றில், குடலில் அறுவை செய்துகொண்ட என் பெரியப்பாவுக்குத் துணையிருந்த நாட்களிலேயாம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் குடலைப் பற்றியும் சீழைப் பற்றியும் எழுத என்ன உரிமை என்று நண்பர்கள் நகைக்கலாம். நோயாளியின் பக்கத்தில் நின்றவன் என்னும் உரிமை ஒன்றே எனக்குண்டு. அவ்வாறு நிற்போருடைய அச்சமும் அறியாமையும் மருந்தின் பயனையே மாற்றிவிட வல்லன என்பதைக் கண்கூடாகக் கண்டமையால் இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் பாரிவாக்கம். பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் இடையே உள்ளது. இந்நாளில் அதனைச் சென்னையின் மேற்குப் புறநகர் என்பர். என் பாட்டனார் காலத்திலோ அஃது ஏரியும் வயலுமாய்க் கிடந்த சிற்றூர். பாட்டனார் ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைத்தவர், உடல் வலிவுடையவர், மருந்தின் வாசனையையே அறியாதவர். 1978-ஆம் ஆண்டில், நெடுநாளாய் அவருக்கிருந்த குடலிறக்கம் ஒருநாள் இறுகிக்கொண்டது. இறங்கிய குடல் உள்ளே திரும்பாமல் சிக்குண்டு, குருதியோட்டம் அற்று, அழுகத் தொடங்கிற்று. வலி கண்ட இரண்டாம் நாளில்தான் அவரை நகரத்துக்குக் கொண்டு சேர்த்தனர். மருத்துவர் அழுகிய பகுதியை அறுத்தெடுத்து, எஞ்சிய குடலை இணைத்தனர். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறிற்று. ஐந்தாம் நாள் தையல் வழியே சீழ் கசிந்தது. ஒன்பதாம் நாள் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அப்பொழுது 16 வயதுச் சிறுவராய் அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவர் என் பெரியப்பா. அந்நாள் தொட்டு எங்கள் இல்லத்தில் ஒரு சொல் வழங்கிவந்தது. “மருந்து போதாமல் அப்பா போய்விட்டார்” என்பதே அது. என் தந்தையாரும் அதனைச் சொல்வார், அத்தைமாரும் சொல்வர், யானும் அதனைக் கேட்டே வளர்ந்தேன்.

இவ்வச்சத்தின் பொருளை உணரவேண்டின், குடலின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் பெருங்குடலில் உள்ள பொருளில் ஒரு கிராம் அளவு எடுத்துக்கொண்டால், அதனுள் ஏறத்தாழ 10,000 கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை தம் இடத்தில் இருக்குமளவும் நமக்குப் பகையல்ல. உணவின் எச்சத்தைப் பக்குவப்படுத்தியும், சில வைட்டமின்களை ஆக்கியும், வேறு கொடிய கிருமிகளுக்கு இடங்கொடாமல் தடுத்தும் அவை நமக்கு உதவுகின்றன. குடற்சுவர் என்னும் மதில் அவற்றை அடக்கி வைத்திருக்கின்றது. அறுவை மருத்துவர் குடலை அறுக்கும்போதோ அம்மதிலில் ஒரு வாயில் திறக்கப்படுகின்றது. கைத்திறம் எத்துணை மேம்பட்டதாயினும், கண்ணுக்குத் தோன்றாத சில துளிகள் புறத்தே சிந்தாமல் இரா. அறுபட்ட கொழுப்பிலும் உறைந்த குருதியிலும் அந்நுண்ணுயிர்கள் விழுந்தால், காவலற்ற வயலில் மாடு புகுந்தது போலாம். புண் சீழ்ப் பிடிக்கும், தையல் பிரியும், வயிற்றறை முழுதும் அழற்சி கொள்ளும், குருதியில் நஞ்சு கலந்து உயிர்க்கும் இறுதி வரும். தோலைப் புறத்தே எத்தனை முறை கழுவினாலும் இப்பகை அகத்திலிருந்து வருவதாகலின், கழுவுதல் மட்டும் போதாது.

தமிழில் மேல்நாட்டு அறுவை மருத்துவம் புகுந்த வரலாறு நம் போன்ற மிஷன் கல்லூரி மாணவர் அறியத்தக்கது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போந்தார். மானிப்பாயில் இருந்து நோய் தீர்த்ததோடமையாது, மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரால் அறுவை நூல் ஒன்று அவர் முயற்சியால் 1867-ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்தது. அதே 1867-ஆம் ஆண்டிற்றான் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணையும் கருவியையும் தூய்மை செய்தால் சீழ்ப்பிடித்தல் குறையும் என்பதைத் தம் கட்டுரைகளால் உலகுக்கு அறிவித்தார். அதனால் அறுவைக்கு அஞ்சிய காலம் மெல்ல மாறலாயிற்று. எனினும் லிஸ்டரின் முறை புறத்திலிருந்து வரும் கிருமிக்கே பெருந்தடையாயிற்று. குடலின் அகத்தே குடியிருக்கும் கூட்டத்துக்கு வேறொரு காவல் வேண்டியிருந்தது.

அக்காவல் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கிடைத்தது. 1928-இல் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். 1948-இல் ஆரியோமைசின் என்னும் மருந்து வெளிவந்தது. அதனை மண்ணிலிருந்து கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர். அவ்வாராய்ச்சிக் கூடத்தை நடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். இப்பெரியார் பீமவரத்திற் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1923-இல் அமெரிக்கா சென்றவர். தம் உடன்பிறந்தார் இருவரைக் குடல் நோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை மருத்துவத்தின்பாற் செலுத்திற்று என்பர். 1949-இல் வாக்ஸ்மனும் அவர் மாணவர் லெக்கவாலியரும் நியோமைசினைக் கண்டனர். வாய்வழி உட்கொண்டால் குருதியில் மிகச் சிறிதே கலந்து, குடலிலேயே தங்கித் தொழில் செய்யும் இயல்புடையது அம்மருந்து. ஆதலின் 1973-ஆம் ஆண்டில் நிக்கல்ஸ், காண்டன் முதலிய மருத்துவர்கள், அறுவைக்கு முந்திய நாளில் நியோமைசினையும் எரித்ரோமைசினையும் வாய்வழி கொடுத்துக் குடலின் நுண்ணுயிர்களைக் குறைக்கும் முறையை வகுத்தனர்.

இனி என் பெரியப்பாவின் செய்திக்கு வருவேன். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்கு மலத்தோடு குருதி கண்டது. குழாய் வைத்துச் சோதித்த மருத்துவர், பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி இருப்பதையும், அதனை விரைவில் அறுத்தெடுத்தால் பிழைக்க வழியுண்டென்பதையும் கூறினர். அறுவைக்கு முந்திய நாள் வயிறு கழிவதற்கு நீர்மருந்தும், அதனோடு மாத்திரைகளும் கொடுத்தனர். மறுநாட் காலை, அறுவைக் கூடத்தில், கத்தி படுவதற்குச் சற்று முன்னர், செஃபசோலின், மெட்ரோனிடசோல் என்னும் இரு மருந்துகளை இரத்தக்குழாய் வழியே செலுத்தினர். முன்னது காற்றில் வாழும் பல கிருமிகளுக்கும், பின்னது காற்றின்றி வாழும் குடற்கிருமிகளுக்கும் பகையாவது. அறுவை நான்கு மணி நேரத்தைக் கடந்தமையால் செஃபசோலினை மீண்டும் ஒருமுறை கொடுத்தனர். அவ்வளவே, அதன்பின் கிருமிக்கொல்லி மருந்து யாதும் கொடுக்கப்படவில்லை.

மறுநாள் செவிலியரின் குறிப்பேட்டைக் கண்டு, பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாயிருந்தவர் ஒருவர் இதனை வெளியிட்டார். பெரியப்பாவின் முகம் வெளுத்தது. “தம்பி, எனக்கு மருந்தை நிறுத்திவிட்டார்களாமே? காசு கொடாதவனுக்கு இவ்வளவு போதும் என்று எண்ணிவிட்டார்களோ? உன் தாத்தாவும் இப்படித்தானே போனார்” என்றார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. தம் காதில் இருந்த தோடு இரண்டையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் விலையுயர்ந்த ஊசிமருந்து ஒன்றின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். வெளிக்கடையில் அதனை வாங்கிவந்து, எவரையேனும் வேண்டிக்கொண்டு போடச் செய்யலாம் என்பது அவர்கள் கருத்து.

அத்தோட்டையும் தாளையும் ஏந்திக்கொண்டு யான் மருத்துவரைத் தேடிச் சென்றேன். அறுவையிற் பங்குகொண்ட இளம் மருத்துவரம்மையார் தாளைப் பார்த்தார், தோட்டையும் பார்த்தார். சினங்கொள்ளாமல் என்னோடு எழுந்து வந்து பெரியப்பாவின் அருகே நின்றார். “ஐயா, உங்களுக்கு மருந்தைக் குறைக்கவில்லை. வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு கொடுத்தாயிற்று. கத்தி பட்டபோது மருந்து உங்கள் இரத்தத்தில் நிறைந்திருந்தது. அதுதான் அதன் வேலை. வயிற்றைத் தைத்து மூடிவிட்டோம். இனிமேல் அதற்கு அங்கே வேலையில்லை. காசு கொடுத்துப் படுக்கிறவர்க்கும் இவ்வளவுதான் கொடுக்க வேண்டும். புண்ணில் சீழ் கண்டால் அது வேறு, அப்போது எந்தக் கிருமி என்று பார்த்து, தக்க மருந்தை நாங்களே கொடுப்போம்” என்றார். பெரியப்பா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “மழைக்கு முன்னே ஏரிக்கரை கட்டுகிறதுபோல என்று சொல்லுங்கள், அம்மா” என்றார். மருத்துவர் தலையசைத்தார்.

உழவர் மகனின் அவ்வுவமை யான் பின்னர் நூல்நிலையத்திற் கண்ட செய்திகளுக்கெல்லாம் திறவுகோலாயிற்று. வெள்ளம் வருமுன் கரையைப் பலப்படுத்துதலே அறிவுடைமை. கரை உடைந்தபின் கொட்டும் மண் வெள்ளத்தோடே போம். 1961-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜான் பர்க் என்பார் கினிப்பன்றிகளின் தோலிற் கிருமியைச் செலுத்தி இதனைச் சோதித்தார். கிருமி புகுமுன்னரோ புகும்பொழுதோ மருந்து உடலில் இருந்தால் புண் சிறுத்தது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்தோ, கொடாதது போலவே ஆயிற்று. மனிதரிடத்தும் இஃது உண்மையே என்பதை 1992-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரத்தில் பல்வகை அறுவை செய்துகொண்ட 2,847 நோயாளரை அதில் ஆராய்ந்தனர். கத்தி படுவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 0.6 பேருக்கே புண் சீழ்ப்பிடித்தது. அதற்கும் மிக முன்னதாகப் பெற்றவருள் இது 3.8, அறுவை தொடங்கி மூன்று மணி நேரங் கடந்தபின் பெற்றவருள் 3.3. மருந்து ஒன்றே; பொழுது வேறுபட்டமையால் பயனும் வேறுபட்டது.

குடல் அறுவையை மட்டும் நோக்கின் இக்காவலின் அருமை இன்னும் தெளிவாகும். 1965 முதல் 1980 வரை நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கட்டுரை ஒன்று 1981-இல் வெளிவந்தது. மருந்து பெறாதவருள் நூற்றுக்கு 36 பேரும், பெற்றவருள் 22 பேரும் கிருமித்தொற்றுக்கு ஆளாயினர். இறந்தவர் விகிதம் 11.2-இலிருந்து 4.5-ஆகக் குறைந்தது. இனிக் குடல் அறுவையில் மருந்தே கொடாமல் ஒரு கூட்டத்தாரை வைத்து ஒப்பிடுதல் அறமாகாது என்று அக்கட்டுரையாளர் முடிவு கூறினர். 2014-ஆம் ஆண்டில் காக்ரேன் குழுவினர் 260 ஆய்வுகளையும், அவற்றில் அடங்கிய 43,451 நோயாளரையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தனர். மருந்தின்றேல் நூற்றுக்கு 39 பேருக்கு வரக்கூடிய புண்தொற்று, மருந்தினால் 13 பேரளவுக்குக் குறையும் என்பது அவர் கண்ட முடிபு. வாய்வழி மருந்தையும் இரத்தக்குழாய் வழி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தல் தனித்தனியே கொடுத்தலினும் சிறந்தது என்பதும் அதிற் புலனாயிற்று. ஆனால் அறுவைக்குப் பின்னும் பல நாள் நீட்டித்துக் கொடுத்ததால் மேலும் நன்மை விளைந்ததாக அவர்கள் காணவில்லை.

அற்றேல், நன்மையில்லாவிடினும் தீமை யாது? கூடக் கொடுத்தால் குறைந்தா போகும்? என்று வினவுவார் உளர். மீண்டும் ஏரியையே நோக்குவோம். கரை கட்டி முடிந்து மழையும் நின்றபின், நாள்தோறும் வண்டி வண்டியாய் மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்தால் யாதாகும்? மண் சரிந்து ஏரி தூர்ந்துபோம், மதகு அடைபடும். வேண்டாத மருந்தும் அத்தகையதே. அது குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழிக்கின்றது. அவை மடிந்த இடத்தில் கொடிய வேறோர் இனம் பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றது. சில மருந்துகள் சிறுநீரகத்தை வருத்துகின்றன. எல்லாவற்றினும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. மருந்துக்குச் சாகாத கிருமிகள் மட்டும் எஞ்சி, அவையே பல்கிப் பெருகுகின்றன. ஆதலினன்றோ உலக சுகாதார நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில், இக்காவல் மருந்தைக் கத்தி படுவதற்கு முந்திய 120 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும், அறுவை முடிந்தபின் நீட்டிக்கலாகாது என்றும் விதித்தது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கூறாவிடின் என் சொல் தீங்கு பயக்கும். காவல் மருந்து வேறு. சிகிச்சை மருந்து வேறு. குடல் முன்னரே ஓட்டை விழுந்தோ அழுகியோ வயிற்றறையில் கிருமி பரவிவிட்டால், கரை உடைந்துவிட்டது என்க. அப்பொழுது அறுவைக்குப் பின்னும் மருத்துவர் வகுத்த நாள் வரையில் மருந்து கொடுத்தேயாக வேண்டும். நோயாளி தானாக அதனை நிறுத்துதல் கூடாது. என் பாட்டனார் அந்நிலையிற்றான் மருத்துவமனையை அடைந்தார். அவர்க்குக் கரை காக்கும் பொழுது வீட்டில் வலியோடு கிடந்த இரண்டு நாட்களிலேயே கடந்துவிட்டது. அவருடைய நிலையும் பெரியப்பாவின் நிலையும் ஒன்றல்ல. எங்கள் இல்லத்துச் சொல் நாற்பத்தாறு ஆண்டுகளாக இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. “மருந்து போதவில்லை” என்பதைக் காட்டிலும் “பொழுது போதவில்லை” என்பதே பாட்டனார் திறத்து உண்மைக்கு அணித்தாகும் என்று இப்பொழுது எண்ணுகின்றேன்.

பெரியப்பாவுக்கு இரண்டாம் நாள் இரவில் உடல் சிறிது சுட்டது. அன்றிரவு பெரியம்மா உறங்கவில்லை. மருத்துவர் வந்து புண்ணைத் திறந்து பார்த்தார். அது தூய்மையாய் இருந்தது. மார்பை ஆராய்ந்து, மூச்சை ஆழ இழுத்து விடும்படியும், எழுந்து நடக்கும்படியும் பணித்தார். அறுவையை அடுத்த ஓரிரு நாட்களில் தோன்றும் சிறுகாய்ச்சல் பெரும்பாலும் கிருமியால் வருவதன்று என்றும் விளக்கினார். பெரியப்பா என் தோளைப் பற்றிக்கொண்டு வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரையில் நடந்தார். மறுநாள் காய்ச்சல் தணிந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்தனர், புண் ஆறியிருந்தது. தோடு பெரியம்மாவின் காதுக்கே திரும்பிற்று. ஒருவர் நலமடைந்தமை கொண்டு ஓர் உண்மை நிலைபெறாது. ஆயிரக்கணக்கானோரை வைத்து நிறுவிய உண்மை எங்கள் இல்லத்திலும் பொய்க்கவில்லை என்பதே யான் சொல்லத்தக்கது.

மருந்து ஒன்றே எல்லாம் செய்யும் என்று கருதுதலும் பிழையாம். 2022-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், நம் நாடு உட்பட ஏழு நாடுகளில் வயிற்றறுவை செய்துகொண்ட 13,301 நோயாளர் பங்குகொண்டனர். வயிற்றை மூடுமுன் மருத்துவர் கையுறையையும் கருவிகளையும் புதியனவாய் மாற்றிக்கொண்ட இடங்களில், புண்தொற்று நூற்றுக்கு 18.9-இலிருந்து 16.0-ஆகக் குறைந்தது. கையுறை மாற்றுதல் எத்துணை எளிய செயல்! லிஸ்டர் காட்டிய தூய்மையும் பிற்காலத்து மருந்தும் கைகோத்து நிற்றலே முழுக்காவலாகும்.

ஆனால் அம்மருந்தாகிய காவலன் இந்நாளில் வலியிழந்து வருகின்றான். 2010-ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமாரசாமி கார்த்திகேயனை முதலாசிரியராகக் கொண்ட ஒரு கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. கடைசிப் படைக்கலமாகக் கருதப்படும் கார்பாபெனம் வகை மருந்துகளையும் சிதைக்கவல்ல மரபணுவைத் தாங்கிய கிருமிகள் சென்னையிலும் பிறவிடங்களிலும் காணப்படுவதை அஃது எடுத்துரைத்தது. சென்னையில் மட்டும் அத்தகைய 44 கிருமி மாதிரிகள் கண்டறியப்பட்டன. அக்கிருமிகளிற் பல, குடலில் வாழும் இனத்தவை. 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பல மருத்துவச் சங்கத்தார் நம் நகரத்திற் கூடி, இக்கேட்டைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்து ‘சென்னைப் பிரகடனம்’ என்னும் அறிக்கையை உருவாக்கினர். 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை, உயர்ந்த கிருமிக்கொல்லிகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்றும், விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டுமென்றும் விதித்தது.

இவற்றுக்கும் குடல் அறுவைக்கும் தொடர்பு என்னை? 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று விடையளிக்கின்றது. 66 நாடுகளில் உணவுப்பாதையில் அறுவை செய்துகொண்ட 12,539 நோயாளரை அதில் ஆராய்ந்தனர். வாழ்க்கைத் தரம் உயர்ந்த நாடுகளில் நூற்றுக்கு 9.4 பேருக்கும், இடைத்தர நாடுகளில் 14.0 பேருக்கும், தாழ்ந்த நாடுகளில் 23.2 பேருக்கும் புண்தொற்று உண்டாயிற்று. கிருமியைச் சோதித்தறிந்த இடங்களிலோ, முன்னர்க் கொடுத்த காவல் மருந்துக்கே அடங்காத கிருமிகள் தாழ்ந்த நாடுகளில் நூற்றுக்கு 35.9 அளவு காணப்பட்டன. காவலனை நிறுத்தியும் கள்வர் புகுந்தனர் என்பது இதன் பொருள். காவலனின் ஆயுதத்தை அவர்கள் முன்னரே பழகியிருந்தனர்.

அவர்கட்கு அதனைப் பழக்கியவர் யாவர்? எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்வேன். இது நண்பர்களின் ஊர்களுக்கும் புதிதன்று. சளி பிடித்தால் மருந்துக்கடைக்குச் சென்று, “இரண்டு வேளைக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுங்கள், கூட ஒரு ஆன்டிபயாட்டிக்கும் வையுங்கள்” என்பர். சளி வைரஸால் வருவது. கிருமிக்கொல்லி அதனைத் தீண்டாது. ஆனால் அம்மாத்திரை குடலில் இறங்கி, அங்குள்ள கோடானுகோடி நுண்ணுயிர்களிடையே வலியவற்றைத் தேர்ந்து வளர்க்கின்றது. அங்ஙனம் வளர்ந்தவை நம் குடலோடு நில்லா. நீர் வழியும் கை வழியும் அண்டை வீட்டாரையும் அடைகின்றன. பின்னொரு நாள் அவருள் ஒருவர் அறுவைக் கூடத்திற் படுக்கும்போது, கத்திக்கு முன் நிற்க வேண்டிய காவல் சளிக்காகவே செலவழிந்து போயிருக்கும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வைத்தார். முதன் மூன்றையே நாம் பெரிதாக எண்ணுகின்றோம். நான்காமவனாய் நிற்பவர் நாமே. அவன் மருந்தைக் கொண்டுவந்து கொடுப்பவன் மட்டுமல்லன். வேண்டாதபோது கொண்டுவாராமல் இருக்கவும் கற்றவனாதல் வேண்டும். மருத்துவரிடம் அஞ்சாமல் வினவுதலும், அவர் விளக்கத்தை நோயாளியின் மொழியிலே எடுத்துரைத்தலும் அவன் கடமை. கிறீன் ஐயர் தமிழிலே மருத்துவம் கற்பித்த காலம் தொட்டு நம் மொழிக்கு அவ்வாற்றல் உண்டென்பது தெளிவு. நம் கல்லூரியிற் பயில்வோர் பலர், தத்தம் குடும்பத்திலிருந்து முதன்முதற் கல்லூரிக்கு வந்தவர். ஆகலின் மருத்துவர் சீட்டைப் படித்துச் சொல்லும் வேலை நம் கைக்கே வருகின்றது.

வேதாகமத் தமிழில் ‘உக்கிராணக்காரன்’ என்றொரு சொல் உண்டு. தலைவனுடைய பண்டசாலையைத் தன்னதென்று எண்ணாமல் காத்து, உரியவர்க்கு உரிய காலத்தில் அளந்து கொடுப்பவன் அவன். கிருமிக்கொல்லி மருந்துகள் பலருடைய உழைப்பால் நமக்கு வாய்த்த பொதுப் பண்டசாலை. நாம் இன்று வாரியிறைப்பது, நாளை வேறொருவர் அறுவைக்குப் படுக்கும்போது அவர்க்கு இல்லாமற் போம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் நண்பர்களே! உங்கள் வீட்டு மாடத்தில் எஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளை நோக்குங்கள்; எவர் சொல்லி, எந்நோய்க்கு வாங்கினோம் என்று வினவுங்கள். நாளை உங்கள் இல்லத்தார் ஒருவர் குடல் அறுவைக்குச் செல்ல நேர்ந்தால், “எத்தனை நாள் மருந்து கொடுப்பீர்கள்?” என்று கேட்பதோடு, “கத்திக்கு முன் கொடுத்தீர்களா?” என்றும் மருத்துவரை அன்போடு கேளுங்கள். உரிய பொழுதில் கொடுக்கும் அறிவையும், உரிய பொழுதில் நிறுத்தும் துணிவையும் ஆண்டவர் நம் மருத்துவர்க்கும் நமக்கும் அருள்வாராக.